தண்ணீர் சூட்டைத் தின்பதில்லை

கோவைப் பக்கம் டர்போ கார் வைத்திருப்பவர்கள் நான்கு பேர் ஓரிடத்தில் நின்றால், அரை மணி நேரத்துக்குள் பேச்சு இன்டர்கூலருக்கு வந்துவிடும். வந்த வேகத்தில் ஒரு தீர்ப்பும் விழும்: “காத்துல ஆறுறதெல்லாம் பழசுங்க. தண்ணி இன்டர்கூலர் போட்டுருங்க. நம்ம வெயிலுக்கு அதுதான் தாங்கும்.” மறுத்துப் பேச யாரும் இருப்பதில்லை. தண்ணீர் என்றால் குளிர்ச்சி, வெயில் காற்று என்றால் வெக்கை என்பது நாம் பிறந்ததிலிருந்து உடம்பால் அறிந்தது. ஆகவே அந்தத் தீர்ப்பு காதில் விழுந்தவுடன் சரியென்று படுகிறது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் காரின் முன்பக்கத்தை அறுத்து, கம்பெனி பொருத்திய இன்டர்கூலரைக் கழற்றிப்போட்டு, பம்பும் தொட்டியும் குழாய்களுமாக ஒரு செட்டை மாட்டி, சேமிப்பின் பெரும்பகுதியை அதில் இறக்கியவர்களை நான் அறிவேன். அவர்களைக் கவிழ்த்தது ஒரு தவறான கணக்கு. அந்தக் கணக்கைப் பிரித்துக் காட்டாமல் இருக்க எனக்கு மனம் வரவில்லை.

முதலில் சூடு எங்கிருந்து வருகிறது என்று பார்த்துவிடுவோம். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பகுதி சுடுவதை எல்லோரும் தொட்டுப் பார்த்திருக்கிறோம். டர்போ செய்வதும் அதே வேலைதான். சித்திரை வெயிலில் 40 டிகிரி காற்றை உள்ளே இழுத்து, அதன் அழுத்தத்தை இரண்டு மடங்காக்கினால், எழுபது சதவீதத் திறனுள்ள கம்ப்ரஸரிலிருந்து காற்று சுமார் 138 டிகிரியில் வெளியே வரும். அவ்வளவு சூடான காற்றை அப்படியே எஞ்சினுக்கு ஊட்டினால் இரண்டு கேடு. சூடான காற்று அடர்த்தி குறைந்தது; ஒவ்வொரு பத்து டிகிரிக்கும் ஏறக்குறைய மூன்று சதவீதக் காற்றை இழக்கிறோம். அதைவிடப் பெரிய கேடு நாக்கிங், அதாவது சிலிண்டருக்குள் எரிபொருள் கலவை தானாகவே வெடிப்பது. அதைத் தவிர்க்க எஞ்சினின் கணினி இக்னிஷனைத் தள்ளிப்போடும். வண்டியின் இழுவை செத்துவிடும். எனவே அந்தக் காற்றை எஞ்சினுக்குள் போகும் முன் ஆறவைக்கும் இன்டர்கூலர் வேண்டும் என்பதில் எவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. அது எதில் ஆற வேண்டும் என்பதுதான் வழக்கு.

தண்ணீர்க் கட்சியின் முதல் சாட்சி இயற்பியல் பாடப்புத்தகம். ஒரு கிலோ தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க 4.18 கிலோஜூல் வேண்டும். காற்றுக்கு ஒரு கிலோஜூல் போதும். எனவே தண்ணீர் நான்கு மடங்கு உசத்தி என்கிறார்கள். எண்கள் இரண்டும் சரி. அதிலிருந்து அவர்கள் எடுக்கும் முடிவுதான் தவறு.

குழந்தைக்குப் பால் ஆற்றும் தாயைப் பாருங்கள். அவசரமென்றால் டம்ளரைக் குளிர்ந்த தண்ணீர் உள்ள கிண்ணத்தில் வைப்பாள். ஒரு நிமிடத்தில் பால் குடிக்கும் பதத்துக்கு வந்துவிடும். அதே கிண்ணத்தில் இரண்டாவது டம்ளரை வைத்தால் கொஞ்சம் தாமதமாகும். மூன்றாவது டம்ளரை வைக்கும்போது கிண்ணத்துத் தண்ணீரே வெதுவெதுப்பாகியிருக்கும், பால் ஆறாது. முதல் டம்ளரின் சூடு எங்கும் மறைந்துவிடவில்லை. அது கிண்ணத்துக்குள்தான் இருக்கிறது. தண்ணீர் சூட்டைத் தின்பதில்லை, வாங்கி வைத்துக்கொள்கிறது. பழைய பாதைகளில் சுமைதாங்கிக் கல் இருந்தது. தலைச்சுமையை அதில் இறக்கி வைத்து இளைப்பாறலாம். ஆனால் கல் நம் சுமையை ஊர் கொண்டுபோய்ச் சேர்க்காது. மறுபடி தூக்கித்தான் நடக்க வேண்டும்.

இதையே எண்ணில் சொல்கிறேன். சுமார் 200 குதிரைத்திறன் தரும் ஒரு பெட்ரோல் டர்போ எஞ்சின் முழு மூச்சில் ஓடும்போது நொடிக்கு 0.15 கிலோ காற்றை உள்ளே இழுக்கும். அந்தக் காற்றை 138 டிகிரியிலிருந்து 65 டிகிரிக்கு இறக்க வேண்டுமென்றால் 11 கிலோவாட் சூட்டை வெளியேற்ற வேண்டும். ஆயிரம் வாட் ஹீட்டர்கள் பதினொன்றை ஒரே நேரத்தில் போட்டால் வரும் சூடு அது. தண்ணீர் இன்டர்கூலர் அமைப்பில் ஆறு லிட்டர் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சூடு முழுக்கத் தண்ணீரில் இறங்கினால், தண்ணீரின் வெப்பம் நொடிக்கு 0.44 டிகிரி ஏறும். பத்து நொடி ஆக்ஸிலரேட்டரை மிதித்து ஒரு லாரியை முந்தினால் ஏற்றம் நான்கரை டிகிரிக்குள், உறைக்கவே உறைக்காது. ஆனால் ஒரு நிமிடம் தொடர்ந்து மிதித்தால் 26 டிகிரி. அதற்குள் முன்னால் இருக்கும் சிறிய ரேடியேட்டர் அந்தச் சூட்டை எடுத்து வெளியே தள்ளியாக வேண்டும். எதில் தள்ளும்? காற்றில்தான். கடைசியில் ஒவ்வொரு காரும் காற்றால்தான் ஆறுகிறது. தண்ணீர் நடுவில் நிற்கும் கை மட்டுமே.

அந்தக் காற்று ஏளனம் செய்யத்தக்க அளவிலும் இல்லை. பம்பருக்குப் பின்னால் 60 சென்டிமீட்டர் அகலமும் 25 சென்டிமீட்டர் உயரமும் கொண்ட ஒரு இன்டர்கூலர், 80 கிலோமீட்டர் வேகம். எதிர்க்காற்றில் கால் பங்குதான் இடுக்குகளுக்குள் புகுகிறது என்று குறைத்தே கணக்கிட்டாலும், நொடிக்கு 0.9 கிலோவுக்கு மேல் காற்று அதன் வழியே போகிறது. எஞ்சின் குடிக்கும் காற்றைப்போல ஆறு மடங்கு. 11 கிலோவாட் சூட்டை ஏற்றுக்கொண்ட பிறகும் அதன் வெப்பம் 12 டிகிரி மட்டுமே கூடும். வந்த காற்று போய்விடுகிறது. அடுத்த நொடிக்குப் புதுக் காற்று வருகிறது. கிண்ணத்துத் தண்ணீருக்கு நேர் எதிரான நிலை இது. ஆற்றுநீரில் டம்ளரைப் பிடித்திருப்பதற்குச் சமம்.

இரண்டாவது வாதம் வெயில். “நாப்பது டிகிரி காத்து எதைக் குளிர வைக்கும்?” என்று கேட்கிறார்கள். இந்தக் கேள்விக்குப் பலர் வாயடைத்துப் போவதைக் கண்டிருக்கிறேன். பதில் எளிது: 138 டிகிரி காற்றை 40 டிகிரி காற்று தாராளமாகக் குளிர வைக்கும். இடையே 98 டிகிரி வித்தியாசம் இருக்கிறது. தண்ணீரின் ரேடியேட்டரும் அதே 40 டிகிரி காற்றில்தான் நிற்கிறது. ஏசி கண்டன்சரும் எஞ்சின் ரேடியேட்டரும் நிற்கும் அதே வரிசையில் அதுவும் ஒன்று. வெளிக்காற்றைவிடத் தண்ணீர் சற்றுச் சூடாக இருந்தால்தான் சூடு அதிலிருந்து வெளியேறும். இன்டர்கூலருக்குள் நுழையும் தண்ணீர் வெளிக்காற்றைவிட 15 டிகிரி கூடுதலாக, அதாவது 55 டிகிரியில் இருக்கிறது என்போம். அதை வைத்து எண்பத்தைந்து சதவீதத் திறனோடு குளிர்வித்தாலும் எஞ்சினுக்குப் போகும் காற்று 67 டிகிரி. எழுபத்தைந்து சதவீதத் திறனுள்ள சாதாரணக் காற்று இன்டர்கூலர் நேரடியாகத் தருவது 65 டிகிரி. ரேடியேட்டரைப் பெரிதாக்கினால் தண்ணீர் சில டிகிரி முந்தலாம், காற்று இன்டர்கூலரைப் பெரிதாக்கினால் அது முந்தலாம். ஆனால் வெயிலை வெல்லும் சக்தி எதுவும் தண்ணீருக்குத் தனியாகக் கிடையாது. ஒரு கை மாற வேண்டிய சுமை இரண்டு கை மாறுகிறது. ஒவ்வொரு கைமாற்றத்துக்கும் சில டிகிரி கூலி உண்டு.

இன்னொன்றையும் இங்கே சொல்ல வேண்டும். மெல்லச் சூடாவது மெல்லத்தான் ஆறும். நான்கைந்து கிலோ அலுமினியத்தால் ஆன காற்று இன்டர்கூலர் சிக்னலில் நிற்கும்போது சூடேறும் என்பது உண்மை. வண்டி நகர்ந்து காற்று புகுந்தவுடன் அது இறங்கிவிடும். அலுமினியத்தில் தங்கும் சூடு கொஞ்சமே. ஆறு லிட்டர் தண்ணீர் ஒருமுறை சூடாகிவிட்டால், அதை ஒரு டிகிரி இறக்க 25 கிலோஜூல் வெளியே போக வேண்டும். மலை ஏறி முடித்துச் சமவெளிக்கு வந்த பிறகும் அந்தச் சூடு கூடவே வரும்.

காற்று இன்டர்கூலர் மீதான புகார்களில் பெரும்பகுதி உண்மையில் இடத்தின் மீதான புகார். எஞ்சினுக்கு மேலேயே படுக்கவைத்து, பானட்டில் ஒரு திறப்பு வைக்கும் ஏற்பாடு இருக்கிறதல்லவா, அதில் வண்டி நின்றவுடன் கீழிருந்து எழும் வெக்கை முழுவதையும் இன்டர்கூலர் வாங்கிக்கொள்ளும். அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு “காற்று வகையே மோசம்” என்று முடிவு கட்டுகிறார்கள். அடுப்பின் மேல் வைத்த பானையைக் குறை சொல்லிப் பயனில்லை. அதையே முன்னால் கொண்டுவந்து நிறுத்தினால் புகாரில் பாதிக்கு மேல் இல்லாமல் போகும்.

மூன்றாவது வாதம் பலமானது. அதை நேர்மையாக எதிர்கொள்ள வேண்டும். “பெரிய கம்பெனிகளே தண்ணீருக்குப் போய்விட்டார்களே?” ஆம், பலர் போயிருக்கிறார்கள். நம் சாலைகளில் ஓடும் ஃபோக்ஸ்வாகன் டைகுன், ஸ்கோடா குஷாக் கார்களின் 1.0 டிஎஸ்ஐ எஞ்சினில் தண்ணீர் இன்டர்கூலர் இன்டேக் மேனிஃபோல்டுக்குள்ளேயே அமைந்திருக்கிறது. பிஎம்டபிள்யூவின் ஆறு சிலிண்டர் பி58 எஞ்சினிலும் அப்படித்தான். ஆனால் அதே ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஜிடிஐயின் இரண்டு லிட்டர் எஞ்சினுக்கு முன்பக்கக் காற்று இன்டர்கூலரையே வைத்தது. போர்ஷே 1978-இல் 911 டர்போவை 3.3 லிட்டராக்கியபோது பின்பக்க இறக்கைக்குள் காற்று இன்டர்கூலரைப் பொருத்தியது. அதன் பிறகு வந்த 911 டர்போக்களும் காற்றிலேயே ஆறுகின்றன. தண்ணீர்தான் உயர்ந்தது, காற்று மலிவானது என்றால், அவ்வளவு விலையுள்ள காரில் போர்ஷே ஏன் காற்றை வைத்திருக்கிறது?

அதே போர்ஷேயின் பந்தயக் கார் 935-இன் கதை இந்த வழக்குக்கே திறவுகோல். 1976 பருவத்தை அது காற்று இன்டர்கூலரோடு தொடங்கியது. சாலைக் காரின் பின்பக்க மூடி அப்படியே பந்தயக் காரிலும் பொருந்த வேண்டும் என்று விதியைக் காட்டி அதிகாரிகள் வற்புறுத்தினார்கள். அந்த மூடிக்கு அடியில் காற்று இன்டர்கூலருக்கு இடமில்லை. போர்ஷே தண்ணீருக்கு மாறியது. உலகின் தலைசிறந்த பொறியாளர்கள் தண்ணீரைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பது உண்மை. ஆனால் அவர்களைத் தேர்ந்தெடுக்க வைத்தது ஒரு மூடியின் அளவு.

டொயோட்டாவும் சுபாருவும் இதைவிடத் தெளிவாகப் பேசுகின்றன. செலிக்கா ஜிடி-ஃபோர் 1986-இல் தண்ணீர் இன்டர்கூலரோடு வந்தது. 1989-இல் அடுத்த தலைமுறை அதே குடும்பத்து இரண்டு லிட்டர் எஞ்சினோடு காற்றுக்கு மாறியது. ராலிக்கு அனுமதி பெறுவதற்காக 5,000 கார்கள் செய்தபோது தண்ணீருக்குத் திரும்பியது. 1994-இல் வந்த தலைமுறையும் தண்ணீர்தான். சுபாரு நேர் எதிர்த் திசையில் நடந்தது. லெகசி ஆர்எஸ் தண்ணீரில் ஆறியது. 1992-இல் வந்த இம்ப்ரெஸா டபிள்யூஆர்எக்ஸ் காற்றுக்குப் போனது. களம் ஒன்றுதான், உலக ராலி. 1993, 1994 ஆண்டுகளின் உற்பத்தியாளர் பட்டம் டொயோட்டாவுக்கு. 1995, 1996, 1997 மூன்றும் சுபாருவுக்கு. எதிரெதிர்த் திசையில் நடந்த இருவரும் உலகப் பட்டம் வென்றார்கள் என்றால், வெற்றியைத் தண்ணீரோ காற்றோ தீர்மானிக்கவில்லை என்பது தெளிவு. ஒவ்வொருவரும் தம் எஞ்சின் நிற்கும் விதத்தையும் தமக்குக் கிடைத்த இடத்தையும் பார்த்து முடிவெடுத்தார்கள். நாம் அவர்களின் முடிவை நகலெடுக்கிறோம், அதற்கான காரணத்தை விட்டுவிடுகிறோம்.

நான்காவது வாதம் குழாயின் நீளம். தண்ணீர் இன்டர்கூலரை எஞ்சினுக்குப் பக்கத்திலேயே வைக்கலாம், குழாய் குட்டை, பிக்கப் உடனே கிடைக்கும் என்பார்கள். இதில் உண்மை உண்டு. அளவைத்தான் ஊதிப் பெருக்கிவிட்டார்கள். இரண்டு லிட்டர் எஞ்சின் 3,000 சுற்றில் நொடிக்குச் சுமார் 50 லிட்டர் காற்றை விழுங்கும். முன்பக்கம் போய்த் திரும்பும் குழாயும் இன்டர்கூலரும் ஐந்து லிட்டர் இடத்தைக் கூட்டினால், அதை நிரப்பப் போகும் நேரம் நொடியில் பத்தில் ஒரு பங்கு. கால் வைத்தவுடன் நாம் உணரும் தாமதத்தில் பெரும்பகுதி டர்போவின் சக்கரம் வேகமெடுப்பதற்கு ஆவது. அதைக் குழாயின் தலையில் கட்டுவது நியாயமில்லை. பந்தய ஓட்டுநருக்கு அந்தப் பத்தில் ஒரு பங்கு பெரிய விஷயம். அவிநாசி சாலையில் அலுவலகம் போகிறவருக்கு அது காரை அறுக்கும் காரணமாக முடியாது.

தண்ணீர் நியாயமாக வெல்லும் இடங்களை நான் மறைக்கப் போவதில்லை. கால் மைல் டிராக் பந்தயம் அதில் முதலாவது. தொட்டியில் பத்து கிலோ ஐஸைக் கொட்டினால், அது உருகுவதற்கு மட்டும் 3,340 கிலோஜூல் வாங்கிக்கொள்ளும். நம் கணக்கின் 11 கிலோவாட்டுக்கு அது ஐந்து நிமிடம் தாங்கும். அங்கே ஓட்டமே நொடிகளில் முடிகிறது. வெளிக்காற்றைவிடக் குளிர்ந்த காற்றையும் எஞ்சினுக்குக் கொடுக்க அதனால் முடியும். முதல் டம்ளர் பாலோடு வேலை முடிந்துவிடும் இடம் அது. அடுத்தது கடல். விசைப்படகின் டர்போ டீசலைக் கடல்நீரால் குளிர்விக்கும்போது கிண்ணம் வங்கக்கடல் அளவுக்கு இருக்கிறது. அது சூடாகப் போவதில்லை. எஞ்சின் நடுவிலோ பின்னாலோ இருந்து, எதிர்க்காற்று எட்டாத கார்களுக்கும் தண்ணீர் தேவைப்படலாம். கம்பெனியே மேனிஃபோல்டுக்குள் வடிவமைத்துக் கொடுத்த அமைப்பும் நல்ல அமைப்புதான். அதைக் கழற்றிக் காற்றுக்கு மாற்றுங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். அதுவும் இதே தவறின் மறுபக்கம்.

ஆனால் நீண்ட நேரம் முழுச் சுமையோடு இழுக்கும் வண்டி எதை நம்புகிறது என்று பாருங்கள். ஒரு காலத்தில் கனரக லாரிகளின் டர்போ காற்றை எஞ்சினின் கூலன்டாலேயே குளிர்வித்தார்கள். கூலன்டே 90 டிகிரியை ஒட்டி இருக்கும்போது அதற்குக் கீழே காற்றை இறக்க வழியில்லை. 1980-களின் பிற்பகுதியிலிருந்து புகை விதிகள் இறுகியபோது லாரி எஞ்சின்கள் காற்று இன்டர்கூலருக்கு நகர்ந்தன. இன்று சங்ககிரியிலிருந்து சிமென்ட் ஏற்றிக்கொண்டு போகும் லாரியின் ரேடியேட்டருக்கு முன்னால் அகலமாக நிற்பது காற்று இன்டர்கூலர்தான். வெயிலும் சுமையும் ஏற்றமும் அந்த லாரிக்குத் தெரிந்த அளவுக்கு நம் கார்களுக்குத் தெரியாது.

கடைசியாக, கெட்டுப்போகும் விதம். இதைப் பற்றி யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. என் நண்பர் ஒருவர் தன் காரில் இருந்த முன்பக்கக் காற்று இன்டர்கூலரை எடுத்துவிட்டுத் தண்ணீர் செட் பொருத்தினார். மே மாதம், மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு ஏறினோம். கல்லாறு தாண்டி முதல் வளைவுகளில் வண்டி துள்ளியது. அவர் முகத்தில் பூரிப்பு. பர்லியாறு தாண்டியதும் இழுவை குறைந்தது. காட்டேரியை நெருங்கும்போது வண்டி டர்போ இல்லாததைப்போல ஏறியது. எஞ்சின் சூட்டு முள் இயல்பாக நின்றது; எந்த விளக்கும் எரியவில்லை. எரியாது. இன்டர்கூலரின் தண்ணீர் தனிச் சுற்று. அந்தத் தண்ணீர் ஓடுகிறதா, நின்றுவிட்டதா என்று சொல்ல அந்தக் காரில் ஒன்றும் பொருத்தப்படவில்லை. குழாயில் காற்று அடைத்து, பம்ப் வெறுமனே சுற்றிக்கொண்டிருந்தது. அந்தப் பயணத்தில் நண்பரின் மௌனம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. அவர் பணத்தைவிட நம்பிக்கையைத்தான் அதிகம் இழந்திருந்தார்.

காற்று இன்டர்கூலரும் கெடும். கல் பட்டு இதழ்கள் மடங்கும், சேறு அடைக்கும், பூஸ்ட் ஹோஸ் கழன்றுகொள்ளும். ஆனால் அந்தக் கேடுகள் கண்ணுக்குத் தெரியும் அல்லது காதில் கேட்கும். ரோட்டோர மெக்கானிக் ஒரு கிளாம்பை முடுக்கி அனுப்பிவிடுவார். தண்ணீர் அமைப்பில் பம்பு, அதன் ஃபியூஸ், ரிலே, தொட்டி, இரண்டாவது ரேடியேட்டர், ஏழெட்டு இணைப்புகள் எல்லாம் ஒழுங்காக இருக்க வேண்டும். உள்ளே ஒரு கசிவு ஏற்பட்டால் தண்ணீர் போய்ச் சேரும் இடம் சிலிண்டர். ஒரு பொருளைக் கூட்டும்போது அது கெடும் வழியையும் கூட்டுகிறோம். அதற்கு ஈடாக வருவது என்ன என்று கேட்கும் உரிமை பணம் கொடுப்பவருக்கு உண்டு.

ஆகவே தேர்வு செய்கிறவர் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. என் எஞ்சின் தொடர்ந்து எவ்வளவு நேரம் முழு பூஸ்டில் ஓடுகிறது? பத்து நொடியா, பத்து நிமிடமா? முன்பக்கத்தில் எதிர்க்காற்று நேராக வந்து மோதும் இடம் இருக்கிறதா? பம்பு நின்றால் எனக்கு எப்படித் தெரியும்? முன்பக்கம் இடமிருக்கும் சாலைக் காருக்கு, நெடுஞ்சாலையிலும் மலையிலும் ஓட்டும் குடும்பத்துக்கு, இந்தக் கேள்விகளின் பதில் காற்றின் பக்கமே சாய்கிறது. தண்ணீர் அமைப்போடு வந்த காரை வைத்திருப்பவர் அதைப் பேணட்டும்: கூலன்ட் மாற்றும்போது காற்றை முழுவதும் வெளியேற்றச் சொல்லுங்கள், பம்பின் சத்தத்தைக் கேட்டுப் பழகுங்கள்.

மற்றவர்களுக்கு ஒரு வேண்டுகோள். தண்ணீர் செட்டுக்கு முன்பணம் கொடுக்கும் முன், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பம்பருக்கு முன்னால் உட்கார்ந்து, விளக்கடித்து உள்ளே பாருங்கள். உங்கள் இன்டர்கூலரின் இதழ்களுக்கிடையே எத்தனை மழைக்காலத்துச் சேறும் பூச்சிகளும் அடைந்திருக்கின்றன என்று தெரியும். மெதுவான நீர்விசையில், இதழ் மடங்காமல் அதைக் கழுவுங்கள். மடங்கிய இதழ்களை நிமிர்த்துங்கள். ஹோஸ் கிளாம்புகளை ஒருமுறை முடுக்குங்கள். பிறகு அதே ஏற்றத்தில் ஓட்டிப் பாருங்கள். உங்கள் காருக்குத் தேவைப்பட்ட தண்ணீர் அந்த ஒரு வாளி மட்டும்தானா என்பதை அந்த ஏற்றமே சொல்லிவிடும்.